அட்டைத் துளை வெளிச்சம்

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை.

ஒரு நிமிடம் முன்புவரை ஆரணி மார்க்கெட் ரோடு ஆடி மாதத்து வெயிலில் அப்பளமாய்ப் பொரிந்துகொண்டிருந்தது. அடுத்த நிமிடம் யாரோ மேலேயிருந்து அண்டாவைக் கவிழ்த்தது போல... சடசடவென்று!

"ஐயோ... அட்டை!"

ஹேமலதா சைக்கிளிலிருந்து குதித்தாள். தான் நனைவது பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. இருபத்திரண்டு வயதில் மழை யாருக்குக் கசக்கும்? ஆனால், கேரியரில் கட்டியிருந்த பொட்டலம் நனையக்கூடாது. கூடவே கூடாது!

பொட்டலத்துக்குள் இருந்தவை ஜக்கார்டு அட்டைகள். தறிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, எந்த இழை எழ வேண்டும், எந்த இழை படுக்க வேண்டும் என்று துளைகளாலேயே கட்டளை போடும் அட்டைகள். ஓர் அட்டைக்கு ஒரு வரி. வரிசை மாறாமல் ஓடினால், பட்டுப்புடவையின் உடம்பில் பூவைக் கொத்திக்கொண்டு ஓர் அன்னம் வந்து நிற்கும். அந்த அன்னத்தை கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைந்தது ஹேமலதா. தீபாவளிக்கென்று அவள் அப்பா பச்சையப்பன் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் டிசைன். அட்டை குத்துகிறவரைத் தவிர ஊரில் ஈ எறும்புகூடப் பார்த்தது கிடையாது.

நனைந்தால் அட்டை ஊதிவிடும். அட்டை ஊதினால் அப்பா கத்துவார். அவர் கத்தினால் களம்பூர் வரை கேட்கும்.

எதிரே ஒரு போர்டு... 'திருமலை ஸ்டுடியோ'. பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள்.

முன் அறையில் யாரும் இல்லை. துணியில் வரைந்த தாஜ்மகால், ஒரு ஸ்டூல், கறுப்புக் குடை. கூரையிலிருந்து அங்கேயும் சொட்டு சொட்டாய் ஒழுகியது. 'அட ராமா... இது உள்ளேயும் மழையா?' கண்கள் மூலை மூலையாய் ஓடின. உள்பக்கம் ஒரு கதவு. அதன் கீழ் இடுக்கில் சிவப்பாய் ஒரு வெளிச்சம்.

ஜீரோ வாட் பல்பு. சாமி ரூம்!

சாமி இருக்கிற இடத்தில் ஒழுகாது. ஹேமலதா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். பக்தியோடு கதவைத் தள்ளி, தொங்கிய கறுப்புத் திரையை விலக்கி உள்ளே போனாள். சாமி படம் எதுவும் கண்ணில் படவில்லை. ஒரு மேஜை மட்டும் தெரிந்தது. அதன் மேல் அகலமாய், சுத்தமாய், காய்ந்த ஒரு வெள்ளைத் தாள். கயிற்றை அவிழ்த்து, ஈரம் பட்ட அட்டைகளை அவசர அவசரமாய் அந்தத் தாளின் மேல் பரப்பினாள். எது ஊதியிருக்கிறது, எது தப்பித்தது? சிவப்பு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது...

ட்யூப் லைட் மினுக்கி மினுக்கி எரிந்தது.

"லைட்ட அணைங்க! அணைங்கன்றேன்ல!"

பின்பக்கத் திரை கிழிகிற மாதிரி விலக, ஈரக் கையோடு ஒருவன் பாய்ந்து வந்தான். சுவிட்சை அவனே அணைத்தான். மறுபடியும் சிவப்பு. அந்தச் சிவப்பில், கோபமாய் இரண்டு கண்கள்...

"யாரு... யாருங்க நீங்க?" என்றாள் ஹேமலதா.

"என் ரூம்ல நின்னுகினு என்னையே யாருன்றீங்களா? நல்லா இருக்குதே! இன்னா பண்ணீங்க தெரியுமா? மெட்ராஸ்லேருந்து வாங்கியாந்த பேப்பரு... இந்த சைஸ்ல ஒன்னே ஒன்னுதான் வெச்சிருந்தேன்!"

"ஒரு வெள்ளப் பேப்பருக்கா இந்தக் கத்து கத்துறீங்க? அதுல ஒன்னுமே எழுதலியே!"

"வெளிச்சம் பட்டா அதுவே எழுதிக்கும்ங்க! போட்டோ பேப்பரு!"

"எனக்கு இன்னா தெரியும்? நான் சாமி ரூம்னு நெனச்சேன்."

"சாமி ரூமா?"

"செவப்பு பல்பு எரிஞ்சுது..."

அவன் திரையை லேசாய் விலக்கி வாசலைப் பார்த்தான். ஜோடி சேர்த்துப் பதவிசாய்க் கழற்றி வைத்த செருப்புகள். அவன் உதடு துடித்தது. அடக்கப் பார்த்தான்... முடியவில்லை. சிரித்துவிட்டான்.

ஹேமலதாவுக்கு அழுகை வரும் போலிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு... பாழாய்ப்போன அந்தச் சிரிப்பு... கூடவே தொற்றிக்கொண்டது.

"சரி, போனது போச்சு" என்று அவன் அட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்தான்.

"மெதுவா! என் அட்டை... கிழிச்சிடாதீங்க."

"உங்க அட்டை பத்திரமா இருக்குது. என் பேப்பருதான் செத்துப் போச்சு. தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ மூஞ்ச பாத்துடுவோம்."

தாளைத் தட்டில் இருந்த தண்ணீரில் நழுவவிட்டான். ஏதோ மருந்து வாசனை. தட்டின் ஓரத்தைத் தூக்கித் தூக்கி, குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது போல ஆட்டினான். இருவரும் குனிந்தார்கள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு... எங்கிருந்தோ ஒரு புள்ளி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. சட்டென்று பத்து, நூறு! வெள்ளைக்குள்ளிருந்து கறுப்புப் புள்ளிகள் குமுறிக்கொண்டு மேலே வந்தன. அட்டை ஊதி எழும்பிய இடங்களில் புள்ளிகள் கசிந்து புகையாகியிருந்தன. மழைத்துளி நின்ற இடங்களில் சாம்பல் நிற வளையங்கள். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம். அட்டை மேல் அட்டை ஏறியிருந்த இடத்தில் மட்டும் கண் கூசுகிற வெள்ளை. குளத்தின் மேல் மழை விழுவதை மேகத்தில் உட்கார்ந்து பார்த்தால் இப்படித்தான் இருக்குமோ?

ஹேமலதா இன்னும் குனிந்தாள். அவள் சடையிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்தது. அவன் திட்டவில்லை.

"இன்னாங்க இது?" கிசுகிசுப்பாய்க் கேட்டாள்.

"போட்டோ."

"கேமரா எங்க?"

"கேமரா இல்ல. துளைக்குள்ள பூந்து வெளிச்சமே வரைஞ்சுது. நான் ரெண்டு வருஷமா பூட்டு, சாவி, வேப்பிலன்னு கெடச்சத எல்லாம் வெச்சுப் பாத்துகினு இருக்கேன். இப்டி ஒன்னு வந்ததே இல்ல..." அவன் குரல் இறங்கியது. "நீங்க எடுத்ததுங்க இது."

"நானா? நான் ஒன்னும் எடுக்கலியே!"

"பின்ன லைட்ட போட்டது யாரு?"

சிவப்பு வெளிச்சத்தில் அவன் கண்கள் அவளைப் பார்த்தன. இப்போது கோபம் இல்லை. தட்டைப் பார்த்த அதே பார்வை... ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்கிற பார்வை.

வெளியே மழை எப்போதோ நின்றிருந்தது. இருவருக்குமே அது தெரியாது.

ஸ்டுடியோவுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு எஸ்.டி.டி. பூத். அதில் உட்கார்ந்திருக்கும் நான்சி, ஹேமலதாவோடு பன்னிரண்டாவது வரை ஒரே பெஞ்ச். சின்னப் பிள்ளையிலிருந்தே வாய் கொஞ்சம் நீளம்.

"ஏண்டி... முன்னெல்லாம் மாசத்துக்கு ஒருக்கா வருவ. இப்ப நாளு தவறாம வர. என் மேல அவ்ளோ பாசமா... இல்ல பக்கத்துக் கடை மேலயா?"

"சும்மா இருடி. படம் பாக்கணும், கூட வா. தனியா போனா தப்பா பேசுவாங்க."

"ரெண்டு பேரா போனா ரெண்டு மடங்கா பேசுவாங்க. வா, போலாம்!"

ஸ்டுடியோக்காரன் திருமலை அன்று பின் அறைச் சுவர் முழுக்கப் படங்களை மாட்டியிருந்தான். சென்னையில் ஒரு ஆர்ட் கேலரி பத்துப் படம் கேட்டிருக்கிறதாம். புது ஆட்களின் கண்காட்சி. சொல்லும்போது அவன் காது மடல் சிவந்தது.

ஊரில் திருமலைக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்தது... 'ஆட்டின கேமரா'. போன தையில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் வேண்டுமென்றே கேமராவை அசைத்து ஒரு படம் எடுத்தான். அட்சதையும் விளக்கும் சேலையும் கலந்து மஞ்சளாய் ஒரு சுழல்! பெண்ணின் மாமா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, 'பொண்ணு மூக்கு எங்கய்யா?' என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்.

அந்தச் சுழலும் சுவரில் இருந்தது. பக்கத்தில் களம்பூர் ரைஸ் மில். மில்லைக் காணோம், ஆளையும் காணோம். பறக்கிற உமித் தூசு மட்டும், வெளிச்சத்தில் பொன்னாய். இன்னொன்றில் வந்தவாசி பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி. வழிகிற தண்ணீருக்குள் நசுங்கிப் போன விளக்குகள். ஒரே ஃபிலிமில் இரண்டு முறை எடுத்த படம் ஒன்று. கமண்டல நாகநதி மணலுக்குள் ஒரு முகம் இருக்கிற மாதிரியும் இருந்தது... இல்லாத மாதிரியும் இருந்தது.

நான்சி ஒவ்வொன்றாய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "சார்... இது தலகீழா மாட்டிகினு இருக்குதா?"

"இல்லீங்க, நேராத்தான் இருக்குது."

"அப்ப எனக்குத்தான் தல கீழ இருக்குது போல."

ஹேமலதா ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். பச்சை. படம் முழுக்கப் பச்சை. மேலே கிளிப்பச்சை, நடுவில் பாசி, கீழே இருட்டுக்குள் போகிற பச்சை. ஓர் உருவமும் இல்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது. சாயப்பட்டறையில் பட்டு நூலை முக்கி எடுத்து உதறுவார்களே... அந்த ஒரு உதறல்! தண்ணீர் தெறித்து, நூல் பளபளத்து, கண் சிமிட்டுவதற்குள் போய்விடுமே... அது! பிறந்ததிலிருந்து அவள் பார்க்கிற பச்சை. இன்றைக்குத்தான் முதல் முதலாய்ப் பார்த்த மாதிரி இருந்தது. ஏனோ கண் கரித்தது.

"இது... நூல உதறும்போது எடுத்ததா?" என்று கேட்டாள்.

திருமலை அவளையே பார்த்தான். "இத்தினி பேர் பாத்தாங்க. ஒருத்தர்கூட சொல்லல."

"போட்டோன்னா இன்னா இருக்குதுன்னு காட்டும். இது... அங்க நின்னா எப்டி இருக்கும்னு காட்டுது."

நான்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு போன் அடிக்குது" என்று சொல்லிவிட்டு நழுவினாள். போன் ஒன்றும் அடிக்கவில்லை.

பத்தாவது படம், ஹேமலதா விளக்கைப் போட்ட அந்தப் படம்தான். கேலரிக்காரர்களுக்கு அதைச் சின்னதாய்ப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அதையே வாசலில், எல்லோரும் நுழைந்ததும் பார்க்கிற சுவரில் மாட்டப் போகிறார்களாம்!

"அனுப்பற வரைக்கும் நம்ம ஊரு ஜனங்க பாக்கட்டும்ங்க" என்றான்.

'நம்ம' என்ற அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு உச்சி குளிர்ந்தது. கண்ணாடி ஷோகேஸில் எந்த உயரத்தில் வைக்கலாம் என்று அவளேதான் கை காட்டினாள்.

ஊர் பார்த்தது. பூக்காரி கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தாள். "தெப்பத்துல வெளக்கு உட்ட மாதிரி இருக்குது" என்றாள். டவுன் பஸ் கண்டக்டர், "சந்தவாசல்ல ராத்திரி வானத்த பாத்தா இப்டித்தான்யா இருக்கும்" என்றார். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த பட்டு வியாபாரி துரைக்கண்ணுகூட ரொம்ப நேரம் கண்ணாடியோடு கண்ணாடியாய் ஒட்டி நின்றார். கையில் ஒரு துண்டுத் தாளும் பென்சிலும் இருந்தன. கலை ரசனைதான் என்று திருமலை நம்பினான்.

அப்புறம் பச்சையப்பன் பார்த்தார்.

மகளை டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அந்த வழியாய்ப் போனவர், சடாரென்று பிரேக் போட்டார். ஹேமலதாவின் நெற்றி அவர் முதுகில் இடித்தது.

"டேய்... இது என் அட்டைடா!"

அவருக்குக் குளம் தெரியவில்லை. மழை தெரியவில்லை. துளைகள் தெரிந்தன. அச்சு அசலாய் அதே அளவில், கறுப்புக் கறுப்பாய்... அவருடைய அன்னம்! ஊரே பார்க்கிற ஷோகேஸில்!

அந்த நொடியில்தான் ஹேமலதாவுக்கும் உறைத்தது.  டிசைன் வரைந்தவளே அவள்தான். ஆனால் இத்தனை நாளும் அந்தப் படத்தில் அவள் டிசைனைப் பார்க்கவே இல்லை.

"எவன்டா உனக்கு இத குடுத்தது? எவன்கிட்ட விக்கறதுக்கு வெச்சிருக்க? சொல்லு!" பச்சையப்பன் கடைக்குள் ஏறிவிட்டார். வாசலில் கூட்டம் கூடியது.

திருமலை அவரைப் பார்த்தான். அவர் தோளுக்குப் பின்னால், ரத்தம் வற்றிய முகத்தோடு நிற்கும் ஹேமலதாவைப் பார்த்தான். ஒரே ஒரு முறைதான்.

"யாரும் குடுக்கலீங்க. மழைக்கு ஒதுங்கினவங்க மூட்டைய இங்க வெச்சாங்க. அவங்களுக்குத் தெரியாம நான்தான் எடுத்தேன்."

"திருட்டுப் பயலே!"

'இல்லப்பா, நான்தான்...' வார்த்தை தொண்டை வரை வந்தது. அங்கேயே நின்றது. 'பொம்பளப் புள்ள கையில டிசைன குடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும்' என்று அம்மா பொன்னம்மாள் எத்தனை தடவை தடுத்திருக்கிறாள்! 'என் பொண்ணு கையில இருந்தா பூட்டி வெச்ச மாதிரி' என்று சொல்லிச் சொல்லித்தானே அப்பா அவளுக்குப் பென்சிலும் கிராஃப் பேப்பரும் வாங்கித் தந்தார்? இப்போது வாயைத் திறந்தால் அந்தப் பென்சில் போய்விடும். அவளுக்கென்று இருக்கிற ஒரே உலகம் போய்விடும்.

ஹேமலதா வாயைத் திறக்கவில்லை.

"நெகட்டிவ எடு" என்றார் பச்சையப்பன்.

"இதுக்கு நெகட்டிவ் கெடையாதுங்க. இது ஒன்னுதான்... இன்னொன்னு போட முடியாது." திருமலையின் குரல் அங்கே மட்டும் லேசாய் உடைந்தது. ஷோகேஸைத் திறந்து, படத்தைச் சுருட்டி, அவர் கையில் கொடுத்தான். "அட்டை உங்களோடதுங்க. எடுத்துகினு போங்க."

டி.வி.எஸ். ஃபிஃப்டி கிளம்பியது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். காலியான கண்ணாடிக்குள் அவன் நின்றுகொண்டிருந்தான். கோபமாய் நின்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்...

படம் பீரோ மேல் ஏறியது. நெசவாளர் சங்கத்தில் வைத்துப் பேசிவிட்டுக் கொளுத்துவதாய் அப்பா சொல்லியிருந்தார். சங்கம் கூடுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹேமலதாவுக்குச் சோறு இறங்கவில்லை. கிராஃப் பேப்பரில் கட்டம் வரைந்தால் கட்டமெல்லாம் அவனுடைய முகமாய்த் தெரிந்தது. எந்தப் பென்சிலைக் காப்பாற்ற வாய் மூடிக்கொண்டாளோ, அந்தப் பென்சிலே கையில் கனத்தது.

நான்சி வந்தாள். சிரிக்காமல் வந்தாள். அதுவே பயமாய் இருந்தது.

"மெட்ராஸுக்கு போன் போட்டாருடி. வாசல்ல மாட்டற படம் வராதுன்னு சொல்லிட்டாரு. யார் பேரையும் சொல்லல."

"வேற இன்னா சொன்னாரு?"

நான்சியின் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. "அத நான் சொல்லக்கூடாது. நீயே போய்க் கேளு. வாய் இருக்குது இல்ல உனக்கு?"

சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலை. பச்சையப்பன் தறிக்கூடத்தில் இருக்கும்போது, வாசலில் ஒரு கர்ஜனை.

"பச்சையப்பண்ணே! வெளிய வாய்யா! நீ பண்ணது நாயமா?"

துரைக்கண்ணு! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் முழ நீளத்துக்கு ஒரு பட்டுத் துண்டோடு நின்றார். முகம் அடுப்புத் தணலாய்ச் சிவந்திருந்தது.

"இன்னாய்யா... காலங்காத்தால?"

"இது இன்னான்னு பாரு! எத்தினி பட்டு வீணாப் போச்சு தெரியுமா? தறிக்காரன் என்னைப் பாத்து சிரிக்கிறான்யா!"

துண்டை விரித்தார். ஹேமலதா எட்டிப் பார்த்தாள்.

அன்னம்... மாதிரி ஒன்று. வால் இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து முளைத்திருந்தது. கால் தலைகீழாய் ஆகாயத்தைப் பார்த்து உதைத்துக்கொண்டிருந்தது. பூ, பறவையின் வயிற்றுக்குள் போய்விட்டது.

"வேணும்னே தப்புத் தப்பா ஒரு டிசைன ஷோகேஸ்ல வெச்சு என்னை மாட்டி உட்டுட்டல்ல? நல்லா இருப்பியா நீ?"

பச்சையப்பன் கண்ணை இடுக்கினார். "ஆமா... என் டிசைன நீ எதுக்குய்யா நெய்ஞ்ச?"

துரைக்கண்ணுவின் வாய் திறந்தது... மூடியது... மறுபடி திறந்தது. "அது... ஷோகேஸ்ல இருந்துது... சும்மா ஒரு..." துண்டைச் சுருட்டி அக்குளில் சொருகிக்கொண்டு, வந்ததைவிட வேகமாய் நடையைக் கட்டினார். தறிக்கூடமே சிரித்தது.

பச்சையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போனார். பீரோ மேலிருந்த படத்தை எடுத்துத் தரையில் விரித்தார். பக்கத்தில் அசல் அட்டைகளை வைத்தார். விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். முதலாவது இருக்க வேண்டிய இடத்தில் ஏழாவது. அதற்கடுத்தது குப்புற. அதற்கும் அடுத்தது தலைகீழ்.

"விக்கறதுக்குத் திருடினவன் வரிசையா இல்ல அடுக்கியிருப்பான்?" தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "இது யாரோ பதட்டத்துல போட்ட மாதிரி இல்ல இருக்குது..."

"நான்தான்பா."

அவளுடைய குரல்தான். அவளுக்கே அது யாருடையதோ போலக் கேட்டது.

"நான்தான் பரப்பினேன். மழையில அட்டை நனைஞ்சுதுன்னு பயந்து அவர் ரூம்ல பூந்தேன். லைட்ட போட்டதும் நான்தான். ஷோகேஸ்ல வெக்கச் சொல்லிக் கை காட்டினதும் நான்தான். அவர் மேல ஒரு தப்பும் இல்லப்பா... அவர் பொய் சொன்னாரு. நான் பாத்துகினு நின்னேன்." கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. "என்கிட்டேருந்து பென்சில வாங்கிக்கோங்க. ஆனா அந்தப் படத்த கொளுத்தாதீங்க."

"அப்பவே சொன்னேனே... பொம்பளப் புள்ள கையில..." சமையலறை நிலைப்படியிலிருந்து பொன்னம்மாள் ஆரம்பித்தாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரு!"

பச்சையப்பன் படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரிசை தேடுவதை விட்டுவிட்ட கண்கள், மெல்ல மெல்லத் துளையிலிருந்து வளையத்துக்கும், வளையத்திலிருந்து புகைக்கும் போயின. தறியில் சத்தம் நின்றிருந்தது. தாடையைச் சொறிந்துகொண்டார்.

"பேஜாரு புடிச்ச படம்... கண்ண எடுக்க முடியல."

பிறகு மகளைப் பார்த்தார். "சரி... செய்யாத தப்ப அந்தப் பையன் எதுக்கு ஏத்துக்கினான்?"

ஹேமலதாவுக்குக் கழுத்திலிருந்து காது வரை சூடு ஏறியது. பச்சையப்பன் அந்தக் காதுகளைப் பார்த்தார். 

"மூஞ்ச கழுவிகினு ஜல்தியா வா. வண்டில ஏறு."

திருமலை ஒன்பது படங்களைச் சாக்கில் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தான். வாசலில் டி.வி.எஸ். ஃபிஃப்டி நின்றதும் எழுந்தான். ஊசி கையிலேயே இருந்தது.

"தம்பி..." பச்சையப்பன் தொண்டையைக் கனைத்தார். நாலு பேர் எதிரில் கத்தியவர், இப்போது பக்கத்துக் கடைக்காரனும் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்தான் சொன்னார். "நீ திருடல. நான்தான் அவசரப்பட்டு வாய உட்டுட்டேன். இந்தா உன் படம். ஒரு மூலை மடங்கிப் போச்சு... பீரோ மேல வெச்சிருந்தேன். மனசுல வெச்சுக்காத."

"பரவால்லீங்க. ஆனா டிசைன் வெளிய..."

"அதப் பாத்து எவன் நெய்வான்? நெய்ஞ்சவன் காலைலதான் வந்து அழுதுட்டுப் போனான். தாராளமா மாட்டு!" மகளை ஒரு பார்வை, அவனை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கு ஒரு டீ குடிக்கணும். நீ பேசிகினு இரும்மா."

அவர் படி இறங்கினார். 

"அன்னிக்கு நான் பேசல..." ஹேமலதா ஆரம்பித்தாள்.

"விடுங்க. இன்னிக்குப் பேசிட்டீங்கன்னு உங்கப்பா மொகத்துலயே தெரியுது."

"ஏன் அப்டி செஞ்சீங்க? அந்தப் படம் உங்களுக்கு எவ்ளோ முக்கியம்!"

"முக்கியம்தான்." அவன் ஊசியைச் சாக்கில் குத்திவைத்தான். "ஆனா எப்படா உங்க பென்சில வாங்கலாம்னு உங்கம்மா காத்துகினு இருக்காங்கன்னு நீங்கதான சொன்னீங்க. நீங்க வரையறத நிறுத்திட்டா... அத விட பெரிய நஷ்டம் இல்லீங்களா?"

அவள் தலை குனிந்தது. கண் நிறைந்தது. அதை மறைக்க ஏதாவது கேட்க வேண்டுமே... "நான்சிகிட்ட போன் பேசினீங்களாமே. இன்னாமோ சொன்னீங்களாம். அவ சொல்ல மாட்டேன்றா."

திருமலை திடுக்கிட்டான். இப்போது காது சிவப்பது அவன் முறை.

"அது... ஒன்னுமில்லீங்க. படத்துக்குக் கீழ ரெண்டு பேர் பேரும் போடச் சொல்லி மொதல்லயே எழுதிட்டேன். ஹேமலதா, திருமலைன்னு. நீங்க எடுத்த படம் இல்லியா? படம் வராதுன்னு சொன்னதும் அந்த மேடம் கேட்டாங்க... 'அந்த ஹேமலதா யாரு, உங்க வைஃபா?'ன்னு."

"நீங்க... இல்லன்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். வரல."

"பின்ன?"

"'இன்னும் இல்லீங்க'ன்னு சொல்லிட்டேன். பூத்துல நாலு பேர் நின்னுகினு இருந்தாங்க. நான்சி மேஜை மேலயே உழுந்து சிரிச்சாங்க." அவன் அவள் கண்களைப் பார்த்தான். இந்த முறை பார்வையை விலக்கவில்லை. "விளையாட்டுக்குச் சொல்லலீங்க. அன்னிக்குத் தட்டுல மொதப் புள்ளி வந்துதே... எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. உங்கள எனக்கு அவ்ளோ புடிச்சிருக்குது."

தெருவில் ஒரு லாரி போனது. பூக்காரி யாரையோ கூவி அழைத்தாள். ஹேமலதா தாவணி முனையை விரலில் சுற்றினாள்... அவிழ்த்தாள்... மறுபடி சுற்றினாள். பிறகு நிமிர்ந்தாள். அன்றைக்குத் தொண்டையில் நின்ற வார்த்தை போல இது நிற்கவில்லை.

"எனக்கும் புடிச்சிருக்குது. ரொம்ப." உதட்டோரம் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. "அப்பா எதிர்ல டீக்கடைலதான் உக்காந்துகினு இருக்காரு. அந்த 'இன்னும்'... எத்தினி நாளுன்னு அவர்கிட்டயே போய்க் கேட்டுடுங்க!"